ஊதா மூடிக் குழாயில் 46,000: வன்னியில் ஒரு கர்ப்பவதியின் குருதிச் சிறுதட்டுக் கணக்கு

பின்னணி

இந்தப் பதிவில் வரும் தாய்க்கு அப்போது 29 வயது. இரண்டாவது கர்ப்பம். முதற்பிள்ளை ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர் சுகப்பிரசவமாகப் பிறந்தது. அப்போது அதிக இரத்தப்போக்கோ வேறு சிக்கலோ ஏற்படவில்லை. கணவர் குளத்து நீரை நம்பிக் காலபோகம் செய்பவர். களை பிடுங்கும் நாட்களில் இவரும் வயலில் இறங்குவார். வீட்டிலிருந்து எங்கள் பிரதேச வைத்தியசாலைக்கு 11 கிலோமீற்றர். எங்களிடமிருந்து மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம். மாரியில் அது இன்னும் நீளும். தாயின் சம்மதத்துடனேயே இதை எழுதுகிறேன். பெயர்களையும் இடங்களையும் தவிர்த்திருக்கிறேன்.

எங்களிடம் அப்போது குருதிக்கலங்களை எண்ணும் இயந்திரம் இருக்கவில்லை. எஃப்.பி.சி. என்று நாளாந்தம் சொல்லும் முழுக்குருதிக் கணக்குக்கு இரத்தத்தை எடுத்து, நகரத்தில் உள்ள தனியார் ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்புவோம். அவர்களுடைய ஆள் மோட்டார் சைக்கிளில் வந்து குழாய்களை எடுத்துச் செல்வார்.

கர்ப்பம் பதியப்பட்டது 8 ஆவது வாரத்தில். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்குச் சென்று பதிந்து, குருதிப் பரிசோதனைக்கு அனுப்பிவைத்தார். முடிவு வந்ததும் கிளினிக் கொப்பியில் நான் எழுதியது ஒரேயொரு எண்: ஈமோகுளோபின் 11.8. எங்கள் பகுதியில் தாய்மாரின் இரத்தசோகைதான் பெரிய கவலை. கண் அந்த வரியைத் தேடிப் போகும், பேனாவும் அதை மட்டும் எழுதும். அதே தாளின் கீழே, இரத்தம் உறைய உதவும் சிறுதட்டுகளின் (பிளேட்லெட்) எண்ணிக்கையும் அச்சாகியிருந்தது. அதைப் பதியாமலே தாளைத் தாயிடம் கொடுத்துவிட்டேன். பின்னர் நடந்த பலவற்றுக்கும் வேர் இதுதான்.

28 ஆவது வாரம்

மறுபடியும் எஃப்.பி.சி. செய்தபோது சிறுதட்டுகள் ஒரு மைக்ரோலீற்றருக்கு 131,000 என்று வந்தன. வழமையான அளவு 150,000 முதல் 400,000 வரை. தாயிடம் எந்தக் குறையும் இல்லை.

கர்ப்ப காலத்தில் இந்த எண் சற்று இறங்குவது இயல்பு. குருதியின் திரவப் பகுதி ஏறத்தாழ 40 முதல் 50 வீதம் வரை கூடுவதால் கலங்கள் ஐதாகின்றன. மண்ணீரலில் கூடுதலான சிறுதட்டுகள் தங்குகின்றன, நச்சுக்கொடியிலும் செலவாகின்றன. அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் 7,000 க்கும் மேற்பட்ட கர்ப்பங்களைப் பார்த்து 2018 இல் வெளியான ஆய்வில், சிக்கலற்ற கர்ப்பங்களிலும் பிரசவ நேரத்தில் பத்தில் ஒருவருக்கு எண்ணிக்கை 150,000 க்குக் கீழே இருந்தது. ஆனால் 100,000 க்குக் கீழே போனவர்கள் நூற்றுக்கு ஒருவர்தான். ஆகவே 100,000 க்கு மேலே நிற்கும் வீழ்ச்சியைப் பெரும்பாலும் கர்ப்பத்தின் வேலை என்று ஏற்கலாம். அதற்குக் கீழே போனால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

இதை அறிந்திருந்ததால் 131,000 என்னைக் கலங்கச் செய்யவில்லை. நான்கு வாரத்தில் திரும்பச் சோதிக்கும்படி எழுதினேன். ஆனால் முதல் எண் என்ன என்று கேட்கவில்லை. 8 ஆவது வாரத்தில் 140,000 ஆக இருந்து 131,000 க்கு வருவதும், 240,000 ஆக இருந்து 131,000 க்கு வருவதும் ஒன்றல்ல. இந்த நோயில் ஓர் எண்ணுக்குத் தனியே அதிகப் பொருள் இல்லை. அது எங்கிருந்து புறப்பட்டு வந்தது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

34 ஆவது வாரம்

நான்கு வாரத்தில் வர வேண்டியவர் ஆறாவது வாரத்தில் வந்தார். டிசம்பர் மாதம், பாதைகளில் வெள்ளம். காலை எட்டு மணிக்கு இரத்தம் எடுத்தோம். நாளம் இலகுவில் பிடிபடவில்லை. இரண்டாம் குத்திலும் ஊசியைச் சற்றுத் திருப்பித் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஊதா மூடிக் குழாய் மெல்ல மெல்லத்தான் நிரம்பியது. குளிர்ப்பெட்டியில் வைக்கப்பட்ட அந்தக் குழாய் மழையோடு மழையாக நகரத்துக்குப் போய், பிற்பகலில்தான் இயந்திரத்துக்குள் சென்றது.

மாலை நான்கரை மணிக்கு ஆய்வுகூடத்திலிருந்து வட்ஸ்அப்பில் படம் வந்தது. சிறுதட்டுகள் 46,000. எண்ணின் பக்கத்தில் சிறிய நட்சத்திரக் குறி ஒன்று இருந்தது. கைபேசித் திரையில் அதைப் பார்த்தேன், பார்த்தும் கடந்துவிட்டேன். இயந்திரம் தன் எண்ணைத் தானே நம்பாதபோது போடும் குறி அது.

குடும்பநல உத்தியோகத்தருக்குத் தொலைபேசியில் சொன்னேன்: "பிளேட்லெட் நன்றாகக் குறைந்துவிட்டது, உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள்." அவர் அதே சொற்களில் வீட்டாருக்குச் சொன்னார். ஐந்தரை மணிக்குத் தாய் எங்களிடம் வந்து சேர்ந்தார்.

நாங்கள் கண்டவை

குருதியமுக்கம் 112/70. சிறுநீரில் புரதம் இல்லை. கடந்த மூன்று வாரங்களில் காய்ச்சல் எதுவும் வரவில்லை. தலைவலியோ பார்வை மங்கலோ இல்லை. குழந்தையின் அசைவு நன்றாக இருந்தது. ரோர்ச் வெளிச்சத்தில் முரசு, முன்னங்கால், குருதியமுக்கப் பட்டி இறுக்கிய இடம் எல்லாவற்றையும் பார்த்தேன். ஊசிமுனை அளவான சிவப்புப் புள்ளிகள் எங்கும் இல்லை. காலையில் இரண்டு தடவை குத்திய முழங்கை மடிப்பில் இரண்டு காய்ந்த தடங்கள் மட்டும், நுளம்புக் கடி போல. கண்டல் இல்லை, நீலம் பாரிக்கவில்லை. 46,000 இலும் தோல் சுத்தமாக இருக்கலாம் என்பது உண்மை. ஆனாலும் அந்த முழங்கை எனக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. அச்சடித்த எண்ணின் முன்னால் அதற்கு நான் காது கொடுக்கவில்லை.

மனத்தில் இருந்த காரணங்கள்

மாரி காலத்தில் வன்னியில் சிறுதட்டு குறைந்தால் முதலில் நினைவுக்கு வருவது டெங்கு. வயலில் இறங்குபவர் என்றால் எலிக்காய்ச்சலும் சேரும். ஒரு காலத்தில் இங்கே மலேரியாதான் முதலில் நின்றிருக்கும். மலேரியா ஒழிந்த நாடாக இலங்கை 2016 இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றுவிட்டது. காய்ச்சலே இல்லாததால் இவை மூன்றும் பின்னுக்குப் போயின.

அடுத்தது ஐ.ரி.பி. உடலின் எதிர்ப்புப் பொருள்களே சிறுதட்டுகளைத் தாக்கி அழிக்கும் நிலை இது. அந்த எதிர்ப்புப் பொருள்கள் நச்சுக்கொடியைக் கடந்து குழந்தையின் சிறுதட்டுகளையும் குறைக்கக்கூடும். இது பெரும்பாலும் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே குறைவான எண்ணாக வெளிப்படும். எங்களிடம் தொடக்க எண் இல்லை. எனவே இதை ஏற்கவும் முடியவில்லை, விலக்கவும் முடியவில்லை.

என்னை உண்மையில் பயமுறுத்தியது ஹெல்ப் எனப்படும் நோய்க்கூட்டு. செங்குழியங்கள் உடைந்து, ஈரல் பாதிக்கப்பட்டு, சிறுதட்டுகள் விரைவாக விழும் நிலை. மணிக்கணக்கில் தாயையும் பிள்ளையையும் பறிக்கக்கூடியது. பெரும்பாலும் உயர் குருதியமுக்கத்தோடு வரும். ஆனால் அமுக்கம் ஏறாமலும் ஒரு பகுதியினருக்கு வருகிறது. 112/70 என்ற அளவைப் பார்த்து நிம்மதியடைய முடியாது. ஈரல் நொதியங்களை இரவில் சோதிக்கும் வசதி எங்களிடம் இல்லை.

எண் பொய்யாக இருக்கலாம் என்ற காரணம் அன்று என் பட்டியலிலேயே இருக்கவில்லை.

இடமாற்றம்

மகப்பேற்று வைத்திய நிபுணரோடு தொலைபேசியில் கதைத்தபின் ஏழரை மணிக்கு அம்புலன்ஸில் அனுப்பினோம். தாதி ஒருவர் கூடவே சென்றார். இரவில் அந்த வீதியில் பயணிப்பது சிறிய காரியமல்ல. வழியில் யானை ஒன்று வீதியோரம் நின்றதால் விளக்கை அணைத்து இருபது நிமிடம் காத்திருந்ததாகச் சாரதி பின்னர் சொன்னார்.

வழியில் தாய் இரண்டு தடவை வாந்தியெடுத்தார். மேல்வயிறு எரிவதாகவும் சொன்னார். தாதி எனக்கு அழைத்துச் சொன்னபோது எனக்குக் கை குளிர்ந்துவிட்டது. 34 வாரம், சிறுதட்டு 46,000, வாந்தி, மேல்வயிற்று நோவு: ஹெல்ப் என்பதற்குப் பாடப்புத்தகம் சொல்லும் அத்தனையும் ஒன்றுகூடிவிட்டன. வாங்கும் வைத்தியசாலைக்கு உடனே அறிவித்தேன். தேவைப்பட்டால் அன்றிரவே பிரசவிக்கவைக்க ஆயத்தம் செய்தார்கள். சத்திரசிகிச்சைக் கூடத்துக்கும் இரத்த வங்கிக்கும் சொல்லப்பட்டது. குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கான ஊசி பற்றியும் கதைக்கப்பட்டது.

மாவட்ட வைத்தியசாலையில்

அங்கே சென்றதும் புதிதாக இரத்தம் எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் எண்ணினார்கள். இம்முறை 71,000. ஐந்தரை மணி நேரம் தேங்கிய குழாயில் 46,000, ஒரு மணி நேரக் குழாயில் 71,000. சிறுதட்டுகள் சிகிச்சை எதுவுமின்றி ஒரே நாளில் இப்படி ஏறுவதில்லை. இரவுக் கடமையில் இருந்த ஆய்வுகூட உத்தியோகத்தர் இதைக் கவனித்தார். இயந்திரத்தோடு நிறுத்தாமல், கண்ணாடித் துண்டில் ஒரு துளியைத் தேய்த்து நிறமேற்றி நுணுக்குக்காட்டியில் பார்த்தார். தேய்த்த படலம் மெலிந்து முடியும் ஓரத்தில் சிறுதட்டுகள் பத்தும் இருபதுமாக ஒட்டிக்கொண்டு கும்பல் கும்பலாகக் கிடந்தன.

ஊதா மூடிக் குழாயில் இரத்தம் உறையாமல் இருக்க ஈ.டி.ரி.ஏ. என்ற பொருள் இருக்கிறது. ஆயிரத்தில் ஒருவர் அளவில், இந்தப் பொருள் இருக்கும்போது சிறுதட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் எதிர்ப்புப் பொருள் காணப்படுகிறது. உடலுக்குள் அது எந்தத் தீங்கும் செய்வதில்லை. குழாய்க்குள் மட்டுமே அதன் வேலை. நேரம் செல்லச் செல்ல, குழாய் குளிரக் குளிர, ஒட்டுதல் கூடும். கும்பல்களைச் சிறுதட்டு என்று இயந்திரம் இனங்காணாது, விட்டுவிட்டு எண்ணும். எங்கள் குழாய் எட்டு மணியிலிருந்து குளிர்ப்பெட்டியில் காத்திருந்தது. ஊசி தேடிய விதமும் உதவியிருக்காது. மெல்ல நிரம்பும் குழாயில் இரத்தம் சற்று உறையத் தொடங்கினாலும் இதே போன்ற கும்பல்கள் உருவாகும்.

அவர் விடுதிக்கு அழைத்து நீல மூடிக் குழாயில் இன்னொரு மாதிரி கேட்டார். அதில் இருப்பது சித்திரேற்றுக் கரைசல். வந்த எண் 98,000. அந்தக் கரைசல் இரத்தத்தை ஐதாக்குவதால் 1.1 ஆல் பெருக்க வேண்டும். பெருக்கினால் ஏறத்தாழ 108,000. நள்ளிரவுக்குச் சற்று முன்னர் ஈரல் நொதியங்களும் குருதி உறைதல் சோதனையும் வழமையான அளவில் வந்தன. பிரசவத்துக்கான ஆயத்தம் நிறுத்தப்பட்டது.

அந்த உத்தியோகத்தரை நான் இன்னும் நேரில் சந்திக்கவில்லை. அவர் அந்தக் கண்ணாடித் துண்டை எடுத்திராவிட்டால் 34 வாரத்தில் ஒரு குழந்தை தேவையின்றி வெளியே வந்திருக்கும். 46,000 என்ற எண்ணில் முதுகில் போடும் விறைப்பு ஊசி மறுக்கப்பட்டு, தாய்க்கு முழு மயக்கம் கொடுக்கப்பட்டிருக்கும். சிறுதட்டுகளும் ஏற்றப்பட்டிருக்கும்.

வாந்தியின் காரணம்

மறுநாள் காலை மாமியார் ஒரு போத்தலோடு விடுதிக்கு வந்தார். கரும்பச்சை நிறச் சாறு. "மிஸ், இதை இன்னும் எத்தனை தரம் கொடுக்க வேண்டும்?" என்று தாதியிடம் கேட்டார். பப்பாசி இலைச் சாறு.

முதல்நாள் மாலை தொலைபேசியில் "பிளேட்லெட்" என்ற சொல்லைக் கேட்டதும் அவருக்கு விளங்கியது ஒன்றுதான்: டெங்கு. எங்கள் ஊர்களுக்கு அந்தச் சொல் டெங்குவோடுதான் வந்தது. பக்கத்து வீட்டுப் பொடியன் முந்திய மாரியில் டெங்குவில் கிடந்து எழும்பியபோது பப்பாசி இலைதான் காப்பாற்றியது என்று ஊரே நம்பியது. நாங்கள் தாயைக் கூட்டிவர ஆள் அனுப்பிய இடைவெளியில் மாமியார் இலையை இடித்துப் பிழிந்து அரைக் குவளை கொடுத்திருக்கிறார். வெறும் வயிற்றில் அந்தக் கசப்பு. வாந்தியும் எரிவும் அதிலிருந்து வந்தவை.

மாமியாரை யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் அது அநியாயம். மருமகளின் உயிருக்காகத் தனக்குத் தெரிந்த ஒரே வழியை அவர் செய்தார். கர்ப்பவதிக்கு இந்தச் சாறு பாதுகாப்பானது என்பதற்குச் சான்று இல்லை, அதனால் கொடுக்கக் கூடாது என்பதைத் தாதி ஆறுதலாக விளங்கப்படுத்தினார். என் பக்கத்துத் தவறு வேறு. என்ன குடித்தீர்கள், என்ன மருந்து எடுத்தீர்கள் என்று நான் மாலையிலேயே கேட்டிருந்தால், அந்த இரவின் மிகப் பெரிய பயம் தோன்றியே இருக்காது. இதற்கிடையில் கணவரின் தம்பிமார் இரத்தம் கொடுப்பதற்கு நான்கு பேரைத் திரட்டிக்கொண்டு வானில் வந்து வாசலில் நின்றார்கள்.

8 ஆவது வாரத் தாள்

108,000 என்பது உண்மையான எண். அதுவும் குறைவுதான். கர்ப்பத்தால் வந்த இறக்கமா, ஐ.ரி.பி.யின் தொடக்கமா என்ற கேள்வி அப்படியே இருந்தது. நிபுணர் கேட்ட முதல் கேள்வி, கர்ப்பத்தின் தொடக்கத்தில் எவ்வளவு என்பது. ஆய்வுகூடத்தின் கணினியில் பழைய பதிவு இருக்கவில்லை. கணவர் வீட்டுக்குத் திரும்பிச் சென்று, காணி அனுமதிப்பத்திரமும் பிறப்புச் சான்றிதழ்களும் வைக்கும் தகரப் பெட்டியில் அந்தத் தாளைத் தேடியெடுத்து வந்தார்.

வெப்பத்தால் அச்சாகும் மினுங்கல் தாள் அது. ஆறு மாதத்தில் எழுத்துகள் வெளிறிவிட்டன. சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோது சிறுதட்டு வரியில் முதல் இலக்கம் 2 என்பது தெளிவாகத் தெரிந்தது. இரண்டாவது இலக்கம் 1 ஆகவும் இருக்கலாம், 4 ஆகவும் இருக்கலாம். மூன்றாவது அழிந்தே போய்விட்டது. எங்களுக்கு அந்த 2 போதுமாக இருந்தது. 8 ஆவது வாரத்தில் 200,000 க்கு மேல் இருந்து படிப்படியாக 131,000, பின்னர் 108,000. கர்ப்பகாலச் சிறுதட்டுக் குறைவின் போக்கு இப்படித்தான் இருக்கும்.

எடுத்த முடிவுகள்

ஐ.ரி.பி.க்குக் கொடுக்கும் பிரெட்னிசலோன் மருந்தைக் கொடுப்பதில்லை என்று நிபுணர் முடிவெடுத்தார். இரத்தக்கசிவு இல்லாத, 100,000 க்கு மேற்பட்ட எண்ணுக்கு அந்த மருந்து நன்மை தராது. சீனியையும் அமுக்கத்தையும் ஏற்றும் தீமை மட்டும் மிஞ்சும். சிறுதட்டு ஏற்றவும் தேவை இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீல மூடிக் குழாயில் கணக்கு, வாரம் ஒருமுறை குருதியமுக்கமும் சிறுநீரும், நிபுணர் உள்ள இடத்தில் பிரசவம். சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் முதுகில் ஊசி போடத் தடையில்லை. 70,000 க்கு மேல் அதைத் தவிர்க்க வேண்டியதில்லை என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட நிலைப்பாடு. மூன்றாம் நாள் தாய் வீடு திரும்பினார்.

36 ஆவது வாரத்தில் திருத்திய எண் 101,000. 38 இல் 104,000. அமுக்கம் ஒருபோதும் ஏறவில்லை.

பிரசவமும் பின்னரும்

38 வாரமும் 5 நாளும் ஆனபோது தானாகவே வலி வந்தது. சுகப்பிரசவம். பெண் குழந்தை, 2.9 கிலோ. இரத்த இழப்பு ஏறத்தாழ 300 மி.லீ. கர்ப்பகாலக் குறைவு என்பது பிரசவத்துக்குப் பின்னர் எண் திரும்பி ஏறினால்தான் உறுதியாகும். அதுவரை ஐ.ரி.பி.யை முற்றாகத் தள்ளிவிட முடியாது. அதனால் கொப்பூழ்க்கொடி இரத்தத்தில் குழந்தையின் சிறுதட்டும் பார்க்கப்பட்டது. 232,000.

ஆறு வாரத்தின் பின்னர் தாயின் இரத்தத்தை ஒரே நேரத்தில் இரண்டு குழாய்களிலும் எடுத்தோம். நீல மூடியில் திருத்திய எண் 207,000. ஊதா மூடியில் 97,000. கர்ப்பத்தால் வந்த குறைவு போய்விட்டது, குழாயில் ஒட்டும் இயல்பு அப்படியே இருக்கிறது. இரண்டும் இரண்டு வேறு காரியங்கள், ஒரே தாயிடம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்திருந்தன என்பது அன்றுதான் முழுமையாகத் தெளிவானது.

மாற்றிக்கொண்டவை

அந்த இரவு அவரை அனுப்பியது பிழை என்று நான் இன்றும் நினைக்கவில்லை. ஹெல்ப் என்ற சந்தேகத்தை எங்கள் வைத்தியசாலையில் தீர்த்திருக்க முடியாது. ஆனால் ஐந்தரைக்கும் ஏழரைக்கும் இடையில் இரண்டு மணி நேரம் எங்கள் கையில் இருந்தது. ஆய்வுகூடத்தை அழைத்து நட்சத்திரக் குறியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். புதிதாக இரண்டு குழாய்களில் இரத்தம் எடுத்துக் கூடவே அனுப்பியிருக்கலாம். இப்போது அப்படித்தான் செய்கிறோம். நீல மூடிக் குழாய்கள் அவசரத் தட்டில் எப்போதும் இருக்கின்றன. குருதி எடுத்த நேரத்தைக் குழாயில் எழுதுகிறோம். குழாயை எட்டுப் பத்துத் தடவை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்காமல் யாரும் கீழே வைப்பதில்லை. நாளம் தேடி எடுத்த மாதிரியில் குறைந்த எண் வந்தால், அதை நம்புவதற்கு முன்னர் திரும்ப எடுக்கிறோம்.

கிளினிக் கொப்பியில் ஈமோகுளோபினுக்குப் பக்கத்தில் சிறுதட்டு எண்ணையும் கையால் எழுதுகிறோம், முதல் வருகையிலிருந்தே. தாள் வெளிறிவிடும், மையால் எழுதியது வெளிறாது. தொலைபேசியில் வீட்டாரிடம் "பிளேட்லெட்" என்ற சொல்லைத் தனியே சொல்வதில்லை. "ஒரு பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். இது டெங்கு என்று நாங்கள் சொல்லவில்லை. நாங்கள் பார்க்கும்வரை எந்த மருந்தும் சாறும் கொடுக்க வேண்டாம்" என்று குடும்பநல உத்தியோகத்தர் சொல்கிறார்.

இந்தக் குறைவு அடுத்த கர்ப்பத்திலும் வரலாம். அப்போது எங்களில் யார் இங்கே இருப்போம் என்று சொல்ல முடியாது. எனவே தாயின் கொப்பியின் முன் அட்டையில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தோம்: "ஊதா மூடிக் குழாயில் இவரது சிறுதட்டுகள் ஒட்டிக்கொள்ளும். நீல மூடிக் குழாயில் எடுத்து 1.1 ஆல் பெருக்கவும். கர்ப்பமற்ற நிலையில் 207,000." கணவர் அதை நகரத்துக்குக் கொண்டுபோய் லமினேற் செய்வித்து, தகரப் பெட்டியில் காணி அனுமதிப்பத்திரத்துக்கு மேலே வைத்திருக்கிறார்.